பரட்டை வம்சம்

ஜூலை மாசம் பெங்களூர்ல காலைல ஏழு மணிக்கு ஜன்னலைத் திறந்தா என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. மர்பி டவுன்ல எங்க வீட்டு மாடியிலிருந்து பார்த்தா எதிர்வீட்டு தண்ணித் தொட்டி, அதுக்கு மேல சாம்பல் கலர்ல வானம். அவ்வளவுதான். மழைன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கிற மாதிரி ஒரு தூறல். கொடியில போட்ட துணி மூணாம் நாளும் ஈரமாவே தொங்கும். உப்பு டப்பாவுல ஸ்பூன் ஒட்டிக்கும். இதுக்கு நடுவுல எங்க வீட்ல ரெண்டு தலை இருக்கு. ஒண்ணு என்னோடது, இன்னொண்ணு என் பொண்ணோடது.

ரங்கமணி தலையைக் கணக்குல சேர்க்கலை. அங்க பிரச்சனை பண்றதுக்கு முதல்ல முடி வேணுமே :-)

எங்க ரெண்டு பேருக்கும் நெளிமுடி. சுருட்டைன்னு சொல்ல முடியாது, கோரைன்னும் சொல்ல முடியாது. ரெண்டுங்கெட்டான். குளிச்சிட்டு வந்தா அலை அலையா அழகா இருக்கும். அரை மணி நேரம் கழிச்சு, அல்சூர் மெட்ரோ ஸ்டேஷன் படி ஏறும்போது கண்ணாடியில பார்த்தா, தலையைச் சுத்தி ஒரு புகை மண்டலம். அலையெல்லாம் கலைஞ்சு, ஒவ்வொரு முடியும் ஒரு திசையில நிக்கும். நம்ம ஊர்ல இதுக்குன்னே ஒரு பேர் வச்சிருக்காங்க. பரட்டை. அதுவும் 1977ல "16 வயதினிலே" வந்து ரஜினிக்கு அந்தப் பேரை வச்சதுக்கப்புறம், ஸ்கூல்ல நெளிமுடி உள்ள எந்தப் புள்ளையும் அதுல இருந்து தப்பிச்சதில்லை. நானும்தான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் ஜூன் மாசம், ஸ்கூல் திறந்த ரெண்டாவது வாரம். பொண்ணு ஒன்பதாவது. பையைத் தூக்கிப் போட்டுட்டு நேரா என்கிட்ட வந்தா.

"அம்மா, எனக்கு முடியை ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணி விடு. பர்த்டேக்கு வேற எதுவும் வேண்டாம்."

கிளாஸ்ல ஒரு டீச்சர், 'நாளைக்காவது தலையை சீவிட்டு வா'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்காங்க. அன்னைக்குக் காலைல நான்தான் சீவி, ரெட்டைச் சடை போட்டு அனுப்பினேன். ஸ்கூல் போய்ச் சேர்றதுக்குள்ள ஈரக்காத்து அதோட வேலையைக் காட்டிருச்சு.

"அதெல்லாம் கெமிக்கல்டா, இந்த வயசுல வேண்டாம்"னு எல்லா அம்மாவும் சொல்றதை நானும் சொன்னேன். அதுக்கு அவ சொன்ன பதில்தான் என்னை உக்கார வச்சிருச்சு.

"நீ மட்டும் பண்ணிக்கிட்டே இல்ல? ஆறு வருஷம்?"

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எனக்கு ஊர் தூத்துக்குடி. அப்பா ஒரு உப்பளத்துல கணக்குப்பிள்ளை. பி.காம் முடிச்சு, 2001ல பேங்க்ல கிளார்க்கா சேர்ந்து, ஆபீசர் பிரமோஷன் வாங்கினதும் 2009ல பெங்களூருக்குத் தூக்கிப் போட்டாங்க. பிரமோஷன்னா கூடவே டிரான்ஸ்பரும் வரும், பேங்க்ல இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மைசூர் - தூத்துக்குடி எக்ஸ்பிரஸ்ல ஒரு ராத்திரி தூரம்தான். ஆனா ரெண்டு வருஷம்னு வந்தது இன்னிக்கு வரைக்கும் முடியலை. மர்பி டவுன்ல வீடு கிடைச்சப்ப பெரிய ஆறுதல் என்னன்னா, தெருவுல பாதிப் பேர் தமிழ். கன்டோன்மென்ட் காலத்துல இருந்தே இருக்கிற குடும்பங்க. அவங்க பேசற தமிழ் வேற மாதிரி இருக்கும், நடுவுல கன்னடம் தானா வந்து விழும். இருந்தாலும் தமிழ்தானே.

2013ல அடுத்த பிரமோஷன் இன்டர்வியூ. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரு பெரிய அதிகாரி கேபின்ல நிக்கிறேன். பேச்சு முடிஞ்சு கிளம்பும்போது சிரிச்சுக்கிட்டே, "இன்டர்வியூ அன்னிக்காவது கொஞ்சம் நீட்டா வாங்க மேடம்"னு சொன்னார். புடவை கஞ்சி போட்ட காட்டன். செருப்பு சுத்தம். தலையைத்தான் சொல்றார்னு புரிய எனக்கு ரெண்டு செகண்ட்தான் ஆச்சு. அந்த சனிக்கிழமையே ஒரு பார்லர்ல போய் உக்காந்தேன். அஞ்சு மணி நேரம். கண் எரிஞ்சுது, மூக்கு எரிஞ்சுது. எழுந்து பார்த்தா கண்ணாடியில வேற யாரோ. மழை பெஞ்சாலும் அசையாத முடி. பிரமோஷனும் வந்துச்சு. (முடியாலயா? தெரியாது. ஆனா அன்னைக்கு அப்படித்தான் நம்பினேன்.)

அப்புறம் வேர்ல புது முடி நெளிநெளியா வர வர, வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப. 2019 வரைக்கும் ஏழு தடவை. தடவைக்கு சுமாரா ஆறாயிரம்னு வச்சுக்கிட்டா நாற்பத்திரெண்டாயிரம். அதுக்குன்னு விக்கிற ஷாம்பூ, சீரம் எல்லாம் தனி. கவுன்டர்ல உக்காந்து ஊருக்கெல்லாம் ரெக்கரிங் டெபாசிட் போடச் சொன்னவ பண்ணின முதலீடு இது.

2020 மார்ச்ல லாக்டவுன். பார்லர் மூடிட்டாங்க. பேங்க் மூடலை, நாங்க தினமும் போனோம். ஆறு மாசத்துல என் தலை மேல் பாதி நெளி, கீழ் பாதி ஒயர். ரெண்டும் சேர்ற இடத்துல சீப்பு வச்சா பொட்டு பொட்டுனு உடையும். கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை ரங்கமணி கையில கத்திரிக்கோலைக் கொடுத்து தோள் வரைக்கும் வெட்டச் சொன்னேன். அவர் கை நடுங்கினதைப் பார்க்கணும்!

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவகிட்ட போய் 'கெமிக்கல் வேண்டாம்'னு சொன்னா அவ எப்படிக் கேப்பா?

அதனால ஒரு ஒப்பந்தம் போட்டோம். மூணு மாசம் டைம் கொடு. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். பெங்களூர்ல ஈரம் உச்சத்துல இருக்கிற மாசம். அதுக்குள்ள இந்த முடியை இப்படியே ஒழுங்கா வச்சுக்க வழி கண்டுபிடிக்கறேன். முடியலைன்னா அப்புறம் பேசுவோம். அவ ஒரு நோட்டுல தேதி போட்டு என்கிட்ட கையெழுத்தே வாங்கிட்டா. பேங்க் ஆபீசர் பொண்ணு இல்லையா.

முதல்ல எனக்குப் புரிய வேண்டியிருந்தது ஒரே விஷயம். இந்த முடி ஏன் ஈரக்காத்துல இப்படிப் பண்ணுது?

அப்பா அளத்துல பார்த்ததை வச்சுத்தான் எனக்கு இது விளங்கிச்சு. சுத்தமான உப்பு, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாத்தான் தண்ணியை இழுத்துக் கசியும். ஆனா அதுல மக்னீசியம் உப்பு கலந்திருந்தா அதுக்கு ரொம்ப முன்னாடியே கசிய ஆரம்பிச்சிரும். முடியும் அந்த மாதிரி தண்ணி இழுக்கிற ஒரு வஸ்துதான். காத்து முழுக்க ஈரமா இருந்தா, தன் எடையில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு தண்ணியை முடி உள்ள வாங்கிக்கும். பருமனாகும், நீளமும் ரெண்டு சதவீதம் போல கூடும். இதை வச்சே 1783ல ஜெனீவாக்காரர் சொஸ்யூர், மனுஷ முடியைக் கட்டி காத்தோட ஈரத்தை அளக்கிற கருவியைப் பத்தி புத்தகம் போட்டார். அதுக்கப்புறம் ரொம்ப காலத்துக்கு வானிலை ஆபீஸ்கள்ல ஈரப்பதத்தை அளந்தது முடிதான். ஸ்கூல்ல நம்மளைப் பரட்டைன்னவங்ககிட்ட சொல்லியிருக்கலாம், நான் நடமாடுற வானிலை நிலையம்டான்னு.

முடி கெரட்டின்ங்கிற புரதத்தால ஆனது. அந்தப் புரத இழைகளுக்கு நடுவுல ரெண்டு வகைப் பிணைப்பு இருக்கு. ஒண்ணு கந்தகப் பிணைப்பு, கெட்டியானது, தண்ணிக்கு அசையாது. இன்னொண்ணு ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணி பட்டா விட்டுரும், காயும்போது எந்த வடிவத்துல இருக்கோ அந்த வடிவத்துல திரும்பப் பிடிச்சுக்கும். ராத்திரி ஈர முடியில சடை போட்டுப் படுத்தா காலைல அலை அலையா இருக்குமே, அது இதனாலதான். அதே காரணத்துலதான், நல்லா காஞ்சு வடிவம் பிடிச்ச முடி ஈரக்காத்து பட்டதும் அங்கங்க பிடி விட்டு, தாறுமாறா திரும்பப் பிடிச்சுக்குது.

எல்லா முடியும் தண்ணி இழுக்கும்தான். ஆனா வெளிப்பக்கம் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி அடுக்கடுக்கா இருக்கிற செதில்கள் தூக்கிக்கிட்டு நின்னா, தண்ணி வேகமாவும் ஒழுங்கில்லாமலும் உள்ள போகும், வெளிய வரும். நெளிமுடியில தலையில ஊறுற எண்ணெய் நுனி வரைக்கும் வழுக்கிட்டுப் போகாது, வளைவுக்கு வளைவு நின்னுரும். அதனால நுனி எப்பவும் வறண்டுதான் இருக்கும். என் கேஸ்ல இன்னொண்ணும் உண்டு. பகல் முழுக்க பேங்க் ஏசியில முடி காயும். சாயங்காலம் வெளிய வந்ததும் ஈரத்தை இழுக்கும். தினமும் இந்த ஏத்த இறக்கம். பெங்களூர்லயே மார்ச் மத்தியானம் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழ இறங்கும், ஆகஸ்ட் காலைல 85ஐ ஒட்டி நிக்கும். மார்ச்ல பண்ற வைத்தியம் ஆகஸ்ட்ல எடுபடாததும் அதனாலதான்.

ஆக, நாங்க பண்ண வேண்டியது இதுதான்: காத்து கொடுக்கிறதுக்கு முன்னாடி நாமளே தண்ணியைக் கொடுக்கணும், கொடுத்ததை உள்ளயே நிறுத்தணும், காயற வரைக்கும் கையை வைக்கக் கூடாது.

இதுக்கு நான் முதல்ல போன் போட்டது அம்மாவுக்கு.

"நான் சின்னப் புள்ளையா இருக்கையில தலைக்கு என்னெல்லாம் போட்டீங்கம்மா?"

"எதுக்குட்டி இப்ப கேக்க? அன்னைக்கு தலையைக் கொடுக்க என்ன பாடு படுத்துன!"

அம்மா வரிசையா சொல்ல, நான் நோட்டுல எழுதினேன். வெள்ளிக்கிழமை காலைல எண்ணெய் வச்சு ஊற விடணும். செம்பருத்தி இலையைக் கசக்கி அந்தக் கொழகொழப்பை எடுத்து, சீயக்காயோட வடிச்ச கஞ்சியில கலந்து தேய்க்கணும். ஈரமா இருக்கும்போதே விரலால சிடுக்கு எடுக்கணும். குத்தாலத் துண்டால சுத்தி கட்டி வைக்கணும். அப்புறம் சாம்பிராணி. காஞ்சதும் நல்லா எண்ணெய் தடவி, மண்டை இழுக்க இழுக்க வாரி இறுக்கிப் பின்னணும்.

"ஏம்மா அவ்வளவு இறுக்கிப் பின்னினீங்க? கண்ணே மேல போயிரும்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னாங்க: "உங்க ஆச்சி வீட்டுல வச்சு, இந்தப் பரட்டையை எவன் கட்டுவான்னு சொன்னாவ. அதான். ஒரு முடி வெளிய தெரியக் கூடாதுன்னு பின்னுவேன். எனக்கும் அப்படித்தான் பின்னுனாவ."

அம்மாவுக்கும் நெளிமுடிங்கிறது எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது. நாப்பது வருஷமா கொண்டையை மட்டும் பார்த்திருக்கேன். அவிழ்த்து விட்டுப் பார்த்ததே இல்லை.

ஆடிட் பண்ற மாதிரி அம்மா லிஸ்ட்டை ஒவ்வொண்ணா டிக் போட்டேன். நம்ம பாட்டி காலத்துது எல்லாமே சரின்னு சொல்ற ஆள் நான் இல்லை, எல்லாமே தப்புன்னு சொல்ற ஆளும் இல்லை.

குளிக்கிறதுக்கு முன்னாடி எண்ணெய்: டிக். 2003ல ரெலே, மொஹிலேன்னு ரெண்டு இந்திய ஆராய்ச்சியாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூணையும் முடியில போட்டுப் பார்த்து எழுதினாங்க. தேங்காய் எண்ணெய் மட்டும்தான் முடியில இருந்து புரதம் கரைஞ்சு போறதைக் குறைச்சுது. அதோட லாரிக் அமிலம் சின்ன, நேரான மூலக்கூறுங்கிறதால முடிக்குள்ள நுழைஞ்சிரும், தண்ணியில முடி உப்புறதும் குறையும். (அவங்க வேலை பார்த்தது தேங்காய் எண்ணெய் விக்கிற மாரிக்கோ கம்பெனியில. அதையும் சொல்லிடணும், இல்லைன்னா ஆடிட் ஆகாது.)

செம்பருத்தி இலை, கஞ்சி: ரெண்டுக்கும் டிக். அந்தக் கொழகொழப்பு முடி மேல மெல்லிசா ஒரு படலமாப் படியும். இப்ப கடையில ஜெல்லுனு விக்கிறது செய்யற வேலையும் அதேதான். எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி, மூணு தலைமுறையா மர்பி டவுன்காரங்க, நான் இலை தேடுறதைப் பார்த்துட்டு, "தாசவாளமா? எங்க வூட்டு பின்னால கீது, பறிச்சிக்கோ"ன்னாங்க. தாசவாளம்னா கன்னடத்துல செம்பருத்தி. எனக்கு அது தெரிய பதினாறு வருஷம் ஆயிருக்கு.

ஈரத்துல சிடுக்கு எடுக்கிறது, தேய்க்காம மெல்லிசுத் துண்டு கட்டுறது: ரெண்டுக்கும் டிக். காஞ்ச நெளிமுடியில சீப்பு வச்சா அலை பிரிஞ்சு ஒவ்வொரு முடியும் தனித்தனியா நிக்கும். டர்க்கி டவல் போட்டுப் பரபரன்னு தேய்ச்சா செதிலெல்லாம் தூக்கிக்கும்.

காஞ்சப்புறம் மேல எண்ணெய் வழிய விடுறது: இன்ட்டு. வறண்ட முடி மேல எண்ணெய் தடவினா தண்ணி வந்துராது. தூசிதான் ஒட்டும்.

இறுக்கிப் பின்றது: பெரிய இன்ட்டு. நெத்தி ஓரத்துல எனக்கு முடி மெலிஞ்சதுல அதுக்கும் பங்கு இருக்கும்னு தோல் டாக்டர் சொன்னாங்க.

இனி, மூணு மாசம் அடிபட்டு நாங்க வந்து நின்ன முறையைச் சொல்லிடறேன்.

வாரத்துக்கு ரெண்டு தலைக்குளியல். முந்தின ராத்திரி நுனியிலயும் நடுவுலயும் தேங்காய் எண்ணெய், ரெண்டு ஸ்பூனுக்கு மேல வேண்டாம். ஷாம்பூ தலைத்தோலுக்கு மட்டும், நுரை வழியறதே முடிக்குப் போதும். சீயக்காய் போட்டா நைசா சலிச்சுப் போடணும், கொரகொரன்னு இருந்தா முடியை உரசும். அப்புறம் கண்டிஷனர், காதுக்குக் கீழ. அதுல இருக்கிற பொருள் நேர்மின்னூட்டம் உள்ளது. அடிபட்ட முடியோட மேல்பக்கம் எதிர்மின்னூட்டம். அதனால எங்க அடிபட்டிருக்கோ அங்கயே போய் ஒட்டிக்கும். கண்டிஷனர் இருக்கும்போதே பெரிய பல் சீப்பால சீவி சிடுக்கு எடுத்துரணும். அன்னைக்கு சீப்புக்கு வேலை அதோட சரி.

தண்ணி முக்கியம். எங்க வீட்டுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் காவிரி, மத்த நாள் போர். 2024 மார்ச்ல பெங்களூர் தண்ணிக்குத் தவிச்சப்ப முழுக்க டேங்கர்தான். போர் தண்ணியும் டேங்கர் தண்ணியும் கடினம், சுண்ணாம்பு முடியில படிஞ்சு நார் மாதிரி ஆயிரும். அதனால தலைக்குளியல் காவிரி நாள்ல. முடியலைன்னா கடைசியா ஒரு மக்கு தண்ணியில ஒரு ஸ்பூன் வினிகர் கலந்து ஊத்தி அலசிடுவோம்.

அப்புறம்தான் முக்கியமான கட்டம். தண்ணி சொட்டச் சொட்ட இருக்கும்போதே ஜெல். ஆளி விதை (ஹலசூரு கடையில அகசெ பீஜன்னு கேக்கணும்) ரெண்டு ஸ்பூன், ஒண்ணரை கப் தண்ணியில கொதிக்க வச்சு, முட்டை வெள்ளைக்கரு பதம் வந்ததும் சூட்டோடவே வடிகட்டணும். ஆறினா வடியாது, அனுபவம் பேசுது. பிரிட்ஜ்ல ஒரு வாரம் தாங்கும். தலையைக் குனிஞ்சு, உள்ளங்கையில ஜெல் எடுத்து, நுனியிலிருந்து மேல பார்த்து கசக்கிக் கசக்கி விடணும். சளக் சளக்னு சத்தம் வரணும். அப்புறம் ரங்கமணியோட பழைய காட்டன் வேஷ்டித் துண்டால ஒத்தி எடுத்தா போதும். காயற வரைக்கும் தொடக் கூடாது. காஞ்சதும் முடி விறைப்பா, அப்பளம் மாதிரி இருக்கும். பயப்படாதீங்க. கையால லேசா கசக்கினா விறைப்பு உதிர்ந்து அலை மட்டும் நிக்கும்.

சொதப்பினதையும் சொல்லணும் இல்லையா? முதல் வாரம் யாரோ சொன்னாங்கன்னு கிளிசரின் கலந்தேன். கிளிசரின் காத்துல இருந்து தண்ணி இழுக்கும். ஈரம் அளவா இருக்கிற நாள்ல நல்லது, ஜூலைல போட்டதும் முடி மொத்தமும் பிசுபிசுன்னு உப்பிருச்சு. அப்பா அளத்து மக்னீசியம் உப்பு கதைதான். பொண்ணு நோட்டுல 'டே 6: டிசாஸ்டர்'னு எழுதி வச்சா. இன்னொரு நாள் காலைல குளிச்சு காயறதுக்குள்ள ஸ்கூட்டர்ல ஏறி ஹெல்மெட் மாட்டிட்டேன். பேங்க் போய்க் கழட்டினா, மேல தட்டையா தோசைக்கல், கீழ குடை. தூத்துக்குடியில மொட்டை மாடியில அரை மணியில காயற முடி, இங்க ஆகஸ்ட்ல நாலு மணி நேரம் ஆனாலும் காயாது. ஈரத்தோட கட்டி வச்சா நாத்தம், பொடுகு. அதனால தலைக்குளியல் இப்ப சாயங்காலம் ஆறு மணிக்கு. ஹெல்மெட்டுக்குள்ள பழைய பட்டுப் புடவைத் துணியில ஒரு குல்லா தைச்சிருக்கேன். சிக்னல்ல யாரும் பார்க்கலைன்னு நினைச்சுக்குவேன்.

மூணாவது வாரம்தான் வித்தியாசம் தெரிஞ்சுது. புகை மண்டலம் முழுசா போகலை. தூறல் நாள்ல இப்பவும் ஓரத்துல கொஞ்சம் கிளம்பும். ஆனா அலை கலையாம நின்னுது. பொண்ணு ரெட்டைச் சடையைத் தளர்வாப் போட்டுக்கிட்டு போனா, சாயங்காலம் சடை சடையாவே திரும்பி வந்துச்சு.

செப்டம்பர் கடைசி. ஒப்பந்தப்படி உக்காந்து பேசினோம். ஸ்ட்ரெயிட்டனிங் பத்தி நான் சேர்த்து வச்சிருந்ததையும் அவகிட்ட காட்டினேன். 2022 அக்டோபர்ல அமெரிக்காவுல சிஸ்டர் ஸ்டடின்னு ஒரு பெரிய ஆய்வோட முடிவு வந்துச்சு. வருஷத்துக்கு நாலு தடவைக்கு மேல முடியை நேராக்குற ரசாயனம் போட்டவங்களுக்கு, 70 வயசுக்குள்ள கர்ப்பப்பை புற்றுநோய் வர்ற வாய்ப்பு 4.05 சதவீதம், போடாதவங்களுக்கு 1.64 சதவீதம்னு கணக்கிட்டிருந்தாங்க. அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்லலை, தொடர்பு இருக்குன்னு சொல்றாங்க. 2024ல இன்னொரு மருத்துவக் கட்டுரை. 26 வயசுப் பொண்ணு, மூணு தடவை ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணிக்கிட்டு மூணு தடவையும் கிட்னி பாதிச்சு ஆஸ்பத்திரி போனது. அந்த க்ரீம்ல இருந்தது கிளையாக்ஸிலிக் அமிலம். 'ஃபார்மால்டிஹைட் இல்லாதது'ன்னு மட்டும் பார்த்து ஏமாறக் கூடாதுன்னு அதுக்காகத்தான் சொன்னேன்.

அவ எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரி, உடம்புக்கு வேண்டாம். புரியுது. ஆனா நீ அதுக்காக நிறுத்தலையே. லாக்டவுன் வந்ததால நிறுத்தினே"ன்னா.

உண்மை. அதனால நானும் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியதாப் போச்சு. அவளுக்கு ஆறு வயசு இருக்கும்போது, கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு ஒரு நாள் கேட்டா: "உனக்கு முடி நேரா இருக்கே, எனக்கு மட்டும் ஏன் இப்படி? யார் கொடுத்தா?" பார்லர்ல இருந்து வந்து ரெண்டு நாள்தான் ஆயிருந்துச்சு எனக்கு. "உங்க அப்பா வழி"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். வேலை அவசரம், வாயில வந்தது அது. அந்தப் புள்ளை அதுக்கப்புறம் எத்தனை வருஷம், வீட்ல தனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சிருக்கும்?

சொன்னேன். "அப்பா வழி இல்லைடா. என் வழி. ஆச்சி வழி. நான் அன்னைக்குப் பொய் சொன்னேன்."

அவ திட்டுவான்னு நினைச்சேன். "லாக்டவுன்லயே எனக்குத் தெரியும்மா, உன் முடியைப் பார்த்தேனே. நீ எப்ப சொல்வேன்னு பார்த்தேன்"ன்னா.

ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சிருக்கோம். பதினெட்டு வயசு வரைக்கும் கெமிக்கல் கிடையாது. அதுக்கப்புறம் அவ தலை, அவ முடிவு, நான் வாய் திறக்க மாட்டேன். டீச்சரைப் பார்த்தும் பேசினேன். சண்டை எல்லாம் இல்லை. 'சீவிட்டுத்தான் வர்றா, இவ முடி இப்படித்தான்'னு மட்டும் சொன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லலை, அதுக்கப்புறம் அவளையும் ஒண்ணும் சொல்லலை.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். கடல் காத்து, ஈரம், எல்லாம் சேர்ந்து எங்க ரெண்டு பேர் தலையும் ஜாலியா கிளம்பிருச்சு. பொண்ணு ஒரு பாட்டில் ஆளி ஜெல்லோட அம்மா பின்னாடி போய் நின்னா. "ஆச்சி, கொண்டையை அவிழுங்க." அம்மா முதல்ல, "போட்டி அங்கிட்டு, எனக்கு எதுக்கு இதெல்லாம்"னாங்க. அப்புறம் அவிழ்த்தாங்க. முழுக்க நரை, ரொம்ப மெலிஞ்சு போச்சு, முதுகு வரைக்கும்தான். நுனியில மட்டும் மூணு அலை அப்படியே இருந்துச்சு.

உங்க வீட்லயும் இப்படி கொண்டைக்குள்ள இருக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போனா அவிழ்க்கச் சொல்லிப் பாருங்க.

டிஸ்கி: இது எங்க ரெண்டு தலைக்கு ஒத்து வந்த கணக்கு. உங்க தண்ணி, உங்க ஊர் காத்து வேற. மூணு மாசம் ஒரு நோட்டு போட்டுப் பாருங்க. கிளிசரின் மட்டும் ஜூலைல வேண்டாம் :-)